தலைப்பும் விஷயமும்

புகைப்படக் கட்டுரைக்கு விஷயம் தேடுகிற மாணவர்கள் பெரும்பாலும் தேடுவது விஷயத்தை அல்ல, தலைப்பை. வறுமை, முதுமை, தனிமை, நதி, நகரம். தலைப்பு முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மனிதர்கள் அதற்குச் சாட்சி சொல்லப் பின்னால் அழைத்துவரப்படுகிறார்கள். விஸ்காம் படிப்பு நம் கல்லூரிகளில் பரவியதிலிருந்து வருஷக் கடைசியில் மாட்டப்படும் படங்களில் இதைப் பார்க்கலாம். சுருக்கம் விழுந்த ஒரு கிழவியின் முகம், உப்பளத்தில் தலைச்சுமையுடன் ஒரு பெண், குலசேகரன்பட்டினத்தில் காளி வேஷம் கட்டிய பக்தர், கூவாகத்தில் தாலியறுத்து அழும் திருநங்கை. படங்கள் மோசம் என்று சொல்ல முடியாது. ஒளி விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் பத்துப் படங்களையும் வரிசை மாற்றி மாட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டைக் கழற்றிவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கோளாறு படம் எடுத்ததில் இல்லை. அதற்கு முன்பே, விஷயம் தேர்ந்த இடத்தில் நடந்துவிட்டது.

கட்டுரை என்ற சொல்லை எழுத்திலிருந்து இரவல் வாங்கியதற்கு ஒரு பொறுப்பு உண்டு. ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தைக் கேட்பதுபோல ஒரு படம் அடுத்த படத்தைக் கேட்க வேண்டும். தலைப்பால் இதைச் செய்ய முடியாது. அதற்குள் காலம் இல்லை. முதுமைக்கு நேற்று இல்லை, நாளை இல்லை, உதாரணங்கள்தான் உண்டு. உதாரணங்கள் எத்தனை சேர்ந்தாலும் பட்டியல்தான். நம் சிறுகதையில் இந்த நோயை அடையாளம் கண்டு ரொம்ப நாளாயிற்று. ஏழ்மையைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்ட கதைகளில் ஏழை ஒருவன்கூட இல்லை என்பதைச் சிறுபத்திரிகைகள்தான் சொல்லிவந்தன. புகைப்படத்திடம் மட்டும் நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எதிரே ஒருவர் நின்றால்தான் படம் விழும். ஆகவே அதில் மனிதர் இருக்கிறார் என்று நம்பிவிடுகிறோம். அவர் நின்றார் என்பதற்குத்தான் படம் சாட்சி. அவர் பார்க்கப்பட்டார் என்பதற்கு அல்ல.

யூஜின் ஸ்மித்தின் இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1948இல் 'லைஃப்' பத்திரிகைக்காக அவர் அமெரிக்காவின் கொலராடோவில் கிரெம்லிங் என்ற சிற்றூருக்குப் போனார். எர்னஸ்ட் செரியானி என்ற டாக்டர். சுற்றிலும் 400 சதுர மைலுக்கு, ஏறத்தாழ 2,000 பேருக்கு, அவர் ஒருவர்தான். ஸ்மித் 23 நாட்கள் அவர் பின்னால் நடந்தார். அந்த வரிசையில் டாக்டர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் காபிக் கோப்பையும் சிகரெட்டுமாகச் சாய்ந்து நிற்கும் படம் பிரசித்தம். தனியாகப் பார்த்தால் களைத்துப்போன ஒரு மனிதர், அவ்வளவுதான். குதிரை உதைத்த குழந்தையின் நெற்றியை அவர் தைப்பதையும், அவர் முகத்தில் தெரியும் கவலையையும் பார்த்துவிட்டு அங்கே வந்தால், அந்தக் கோப்பையின் கனம் வேறு. முந்தைய படங்கள் இந்தப் படத்துக்குள் வேலை செய்கின்றன.

1955இல் அதே ஸ்மித்துக்கு பிட்ஸ்பர்க் நகரத்தைப் பற்றிய ஒரு புத்தகத்துக்காகச் சுமார் 100 படம் எடுத்துத் தரும் வேலை வந்தது. சில வாரங்களில் முடிய வேண்டியது. வருஷங்களாக இழுத்தது. 10,000க்கும் மேற்பட்ட நெகடிவ்கள் சேர்ந்தன. கடைசியில் 1959இல் ஒரு புகைப்பட ஆண்டு மலரில் 88 படங்கள் வெளிவந்தன; அதைத் தோல்வி என்றே ஸ்மித் கருதினார். அந்தக் குவியலில் மகத்தான படங்கள் உண்டு. அது வேறு விஷயம். டாக்டர் ஒருவர் தூங்கப் போவார், கதவைச் சாத்துவார், போதும் என்பார். நகரம் எந்த இடத்திலும் போதும் என்று சொல்லாது. மேதைக்கே அப்படி என்றால், ஒரு பருவத்துக்குள் 'சென்னை'யை முடித்துவிட நினைக்கும் மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

போதும் என்று சொல்லக்கூடியதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னும் கறாராகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லக்கூடியது. நம்மை மறுக்க முடிகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அதனிடம் நாம் திரும்பிப் போக வேண்டியிருக்கும். திரும்பிப் போவதில்தான் காலம் வருகிறது. காலம் வந்தால் வரிசை வரும்.

தயானிதா சிங்கின் ஆரம்பம் இதற்குச் சரியான சாட்சி. அவர் 1980களில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவி. வகுப்புப் பாடத்துக்காக ஜாகிர் உசேனின் கச்சேரியைப் படமெடுக்கப் போனார். அமைப்பாளர் ஒருவர் தடுத்ததில் கீழே விழுந்தார். இன்று மாணவி, நாளைக்குப் பெரிய புகைப்படக்காரியாக வருவேன், அப்போது பார்க்கலாம் என்ற பொருளில் ஜாகிர் உசேனிடமே சவால் விட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். கதவு திறந்தது. ஆறு குளிர்காலங்கள் அந்தக் கலைஞர்களோடு பயணம் செய்தார். 1986இல் 'ஜாகிர் உசேன்' புத்தகமாயிற்று. அவர் 'ஹிந்துஸ்தானி சங்கீதம்' என்று தொடங்கியிருந்தால் பத்துத் தம்புராக்களும் மூடிய கண்களும் கிடைத்திருக்கும், ஒரு மாலையோடு முடிந்திருக்கும். ஒரு மனிதரைத் தேர்ந்தார். அந்த மனிதரிடமிருந்து தாம் கற்றது கவனக்குவிப்பு என்கிறார். தம் முதல் உண்மையான குரு அவரே என்கிறார். விஷயம் மாணவருக்கு ஆசிரியராவதும் உண்டு. தலைப்பு அப்படி யாருக்கும் ஆனதில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். 1989இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காக தில்லியின் ஹிஜ்ராக்களைப் படமெடுக்கும் வேலை அவருக்கு வந்தது. மோனா அகமதைச் சந்தித்துப் படமும் எடுத்தாயிற்று. பத்திரிகை வெளியாவது இங்கிலாந்தில் என்று தெரிந்ததும், அங்கே தனக்கு உறவினர்கள் இருப்பதால் ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார் மோனா. தயானிதா கொடுத்துவிட்டார். 'ஹிஜ்ராக்கள்' என்ற தலைப்பு போயிற்று. மோனா என்ற மனிதர் கிடைத்தார். 2001இல் வந்த 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகத்தில் படங்களோடு ஓடுவது மோனாவின் சொற்கள். 2017இல் மோனா இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது. கூவாகத்தில் அழுகிற முகங்களை நெருங்கி நெருங்கி எடுத்துக்கொண்டு அன்றே பஸ் ஏறுகிறவரிடம் யாரும் ஃபிலிமைத் திருப்பிக் கேட்க முடியாது. கேட்க முடியாத இடத்தில் எடுக்கப்பட்டவை என்பது அந்தப் படங்களிலேயே தெரிகிறது. கூட்டத்தை விஷயமாகத் தேர்வதில் உள்ள சௌகரியமே அதுதான்.

தலைப்புக்கு மாற்றாக ஆசிரியர்கள் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள்: பக்கத்தில் இருப்பதை எடு, உன் பாட்டியை எடு. பாதி சரி. பாட்டியையும் 'முதுமை'யாக்கிவிடப் பேரனால் முடியும். அவள் மறுக்க மாட்டாள் என்ற தைரியத்திலேயே முடியும். பக்கத்தில் இருப்பதற்கு மட்டும் தனி யோக்கியதை ஒன்றுமில்லை. பிராக் நகரத்தில் ஒரு கையை யுத்தத்தில் இழந்த யோசெஃப் சூடெக் 1940இலிருந்து 1954 வரை தம் ஸ்டூடியோ ஜன்னலைப் படமெடுத்தார். ஜன்னல் வாய் திறந்து மறுக்காது. ஆனால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும், பனி மூடும், நேற்றுத் தெரிந்த மரம் இன்று தெரியாது. அந்த மறுப்புக்காகவே அவர் காத்திருந்தார் எனலாம். ஜன்னல் பக்கத்தில் இருந்தது தற்செயல். பதினான்கு வருஷம் தற்செயல் அல்ல.

வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஓர் உதாரணம் சொல்கிறேன். நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வருவார்கள். 'முதுமை' தலைப்பு, இது விஷயம். இதில் பெஞ்சு இருக்கிறது, கூட வந்த மகன் கடிகாரம் பார்ப்பது இருக்கிறது, தேய்ந்துபோன ரேகையை எந்திரம் இரண்டாம் முறையும் ஏற்க மறுக்கும்போது அந்த விரலைத் தானே திருப்பிப் பார்த்துக்கொள்ளும் ஒரு கணம் இருக்கிறது. மானேஜர் மறுக்கலாம். பெரியவர் மறுக்கலாம், என் ரேகை உனக்கு எதற்கு என்று கேட்கலாம். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். எல்லாவற்றையும்விட, இதற்கு அடுத்த நவம்பர் உண்டு. யார் வரவில்லை என்பது அப்போது தெரியும். வராதவர் உட்கார்ந்திருந்த பெஞ்சை எடுத்தால் அது வெறும் பெஞ்சின் படமாக இருக்காது.

மாணவருக்கு அடுத்த நவம்பர் ஏது, மதிப்பெண் மார்ச்சில் வேண்டுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அது விஷயத்தைச் சிறிதாக்கச் சொல்கிற நியாயம், தலைப்பைப் பெரிதாக்கச் சொல்கிற நியாயம் அல்ல. நான்கு தடவை போக முடியுமென்றால் நான்கு தடவையில் ஏதாவது மாறக்கூடிய ஒன்றைத் தேர்ந்தால் போதும். இரண்டாம் தடவை போகும்போது முதல் தடவை எடுத்ததை அச்செடுத்துக் கையில் கொண்டுபோக வேண்டும். அதைக் கொடுக்கக் கூசும் இடம் விஷயம் அல்ல, இரை. தேர்வுக்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

தயானிதா சிங் பெயரில் 'பாரி' இணையக் காப்பகம் வழங்கும் ஆவணப் புகைப்பட விருதை 2022இல் முதலில் பெற்றவர் தமிழ்நாட்டுக்காரர், மு. பழனி குமார். மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். படத்தோடு அந்த மக்களை அவர் விட்டுவிடவில்லை. திரும்பத் திரும்பப் போனார். அது மட்டுமில்லை. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் காமிராவைக் கையில் கொடுத்துப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். இதுவரை விஷயமாக மட்டுமே இருந்தவர்கள் விஷயம் தேர்கிறவர்கள் ஆகிறார்கள். நாளைக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவர் 'நடுத்தர வர்க்கம்' என்று ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். அப்போது அவர் நம் பெயரைக் கேட்க வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம்.