அட்டைப்படத்து மூத்தம்மா

அண்மைக்காலத்தில் என் கைக்கு வந்த நம்மவர் நூல்களுள் பலவற்றின் அட்டையைச் செயற்கை நுண்ணறிவே வரைந்திருக்கிறது. கவிதையோ, சிறுகதையோ, ஊர் வரலாறோ, எல்லாவற்றிலும் ஒரே பெண்தான் வருகிறாள். கறுப்பு அபாயா, பளிங்கு முகம், பின்னால் மணல்மேடு, ஒரு குவிமாடம், தொங்குகின்ற ஒரு விளக்கு. ஓவியருக்குக் கொடுக்கக் காசில்லை என்கிறார்கள், அது விளங்குகிறது. ஆனால் மதிப்புரை எழுதும் நாம் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறோம். அதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

என்னோடு கற்பிக்கும் இளங்கவிஞர் ஒருவர், பன்பாய் இழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய தன் மூத்தம்மாவைப் பற்றிய கவிதைகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறார். அட்டைக்காக, "பாய் இழைக்கும் முஸ்லிம் மூதாட்டி" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிப் படமெடுத்துக் கொண்டுவந்தார். பார்த்தால், தறியின் முன்னே இருந்து கம்பளம் நெய்கிறாள் ஒருத்தி.

"சேர், இது நம்மட மூத்தம்மாவா? ஈரானுக்குப் போய் வந்த மாதிரியெல்லோ இரிக்கி!"

நான் தமிழ் படித்தவன்; கொம்பியூட்டர் படித்தவனல்லன். ஆனாலும் பாடசாலை விட்ட பிறகு அவரோடு குந்தியிருந்து பார்த்ததில், இது தமிழ் வாத்தியாருக்கும் உரிய வேலை என்பது புரிந்தது.

பிரொம்ப்ட் என்பதை நாம் ஏவலாக நினைக்கிறோம். "அழகான படமொன்று வரை" என்கிறோம். இந்த இயந்திரங்களோ பெரும்பாலும் படங்களோடு சேர்த்து எழுதப்பட்ட குறிப்புகளைப் பார்த்தே பழகியவை. 2022இல் வெளியான லயன்-5பி என்ற தரவுத்தொகுதியில் படமும் குறிப்புமாக ஏறத்தாழ 585 கோடி இணைகள் இருந்தன. அவற்றுள் ஆங்கிலக் குறிப்புடையவை மட்டும் 232 கோடி. ஸ்டேபிள் டிஃபியூஷன் அதன் பகுதிகளைக் கொண்டே பயிற்றப்பட்டது. ஆகவே "முஸ்லிம்" என்று எழுதினால், அந்தச் சொல்லோடு இணையத்தில் குவிந்து கிடக்கும் படங்களின் சாயல் வருகிறது. நமது மூத்தம்மாமாரை யாரும் படமெடுத்துக் குறிப்பெழுதி அங்கே போடவில்லை. பழைய இயந்திரங்களிடம் "ஒட்டகம் வேண்டாம்" என்று எழுதினால் ஒட்டகமே வந்து நிற்கும். குறிப்பில் அந்தச் சொல் இருக்கிறதல்லவா! அதனால்தான் விலக்க வேண்டியதைத் தனியாக எழுத மிட்ஜேர்னி போன்றவற்றில் வேறாக ஒரு வழி வைத்தார்கள்.

எனவே ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஒரு படத்தை, அதைக் காணாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுத வேண்டும். தொல்காப்பியர் இதற்கு நல்ல துணை. நிலமும் பொழுதும் முதல். உணவு, மரம், புள், தொழில் முதலியன கரு. ஒழுக்கமும் உணர்வும் உரி. கவிதையில் இம்மூன்றுள் உரியே சிறந்தது என்பது அவர் கருத்து. இயந்திரத்திடமோ உரியைப் பெயர் சொல்லிக் கேட்டால் காரியம் கெட்டுவிடும். "சோகமான மூதாட்டி" என்றோம். கன்னத்தில் கண்ணீர்த்துளியும் சன்னலில் மழையும் வந்தன. மட்டமான கவிதைகளில் வருவதும் இவைதானே.

பிறகு உரியை விட்டோம். "முஸ்லிம்" என்ற சொல்லையும் எடுத்தோம். இதில் அவருக்கு மனவருத்தம். "நம்மட பேரையே அழிச்சிப்போட்டா நாம எப்படி சேர் வாற?" என்றார். எனக்கும் அது குத்தியது. நம்மைக் காட்ட நம் பெயரையே மறைக்க வேண்டியிருப்பது சிறிய விசயமல்ல.

தகரக் கூரை, சிமெந்துத் தரை, இடப்பக்க வாசலால் விழும் அசர் நேரத்து வெயில் (இயந்திரத்துக்கு "பின்னேரம்" என்று கொடுத்தோம்) என முதலை எழுதினோம். ஒரு காலை நீட்டியிருக்கும் அறுபது வயதுக் கறுத்த பெண், வெளுத்த பூப்போட்ட சேலை, முன்மயிர் தெரிய இழுத்துப் போட்ட முக்காடு, பக்கத்தில் சிவப்பும் ஊதாவுமாகச் சாயமிட்ட பன் கட்டுகள் எனக் கருவை எழுதினோம். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதையும் சேர்த்தோம்: தரையில் இருக்கும் ஒரு பிள்ளையின் கண்மட்டத்திலிருந்து. கவிதைகளின் குரலே பிள்ளையின் குரல்தான். அந்த ஒரு வரி போட்டதும் படம் மாறிவிட்டது. சோகம் என்று எழுதாமலே ஏதோ ஒன்று வந்தது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சிப் போட்டியில் 2022இல் பரிசு பெற்ற தன் படத்துக்கு, குறைந்தது 624 தடவை பிரொம்ப்ட் திருத்தியதாக ஜேசன் அலன் சொன்னார். ஆனாலும் 2023இல் அங்குள்ள காப்புரிமை அலுவலகம் அதைப் பதிவுசெய்ய மறுத்தது. உரிமை வழக்கு எப்படியும் போகட்டும். நம்மவர் முதல் தடவை வந்ததையே அச்சகத்துக்கு அனுப்புகிறார்களே, அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

எங்கள் படத்தில் கடைசிவரை திருந்தாதது கைகள். முகம் சரி, முக்காடு சரி. விரல்களோ பன்னை ஊசிநூல் மாதிரிப் பிடித்திருந்தன. "இரண்டு கையாலும் இழைக்கிறாள்" என்று எழுதினோம். கூடை பின்னத் தொடங்கினாள். சரியான சொல்லைத் தேடி இருவரும் யோசித்தோம். பன்னை எந்த விரல் தூக்கும், எது அழுத்தும், இழைக்கத் தொடங்குவது பாயின் எந்த இடத்திலிருந்து? எனக்குத் தெரியவில்லை. அந்த மடியில் வளர்ந்து, அறுபது பக்கம் கவிதை எழுதியவருக்கும் தெரியவில்லை.

அவர் போனை எடுத்து உம்மாவுக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"இதென்ன மனெ, இப்ப கேக்காய்?" என்று சிரித்துவிட்டு அவர் சொல்லத் தொடங்கினார். நான் திருத்தக் கொண்டுவந்திருந்த ஒன்பதாம் ஆண்டுக் கொப்பியொன்றின் பின்தாளில், ஒன்றும் விடாமல் எழுதிக்கொண்டேன்.