டிவைஸ் டிரைவர்களில் பூட்டு மரபுகள்

பிசியின் மதர்போர்டில் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப் ஒன்று உண்டு. அதை அணுக ஹெக்ஸ் எண்ணில் 70, 71 என்று இரண்டே போர்ட்டுகள். எந்த ரெஜிஸ்டர் வேண்டும் என்பதை 70-இல் எழுதி, அதன் மதிப்பை 71-இல் படிக்க வேண்டும். 0 என்றால் விநாடி, 2 என்றால் நிமிடம், 4 என்றால் மணி. ஒரு சிபியு 0 எழுதிவிட்டுப் படிக்கப் போவதற்குள் இன்னொரு சிபியு 4 எழுதிவிட்டால், முதல் சிபியு மணியைப் படித்து விநாடி என்று நம்பிக்கொண்டு போகும். எரர் எதுவும் வராது, மெஷினும் நிற்காது. நேரம் மட்டும் என்றைக்கோ ஒருநாள் தப்பும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ரேஸ் கண்டிஷன் என்று நாம் அஞ்சுவது இதைத்தான்.

லினக்ஸ் இதற்கென ஒரே ஒரு ஸ்பின்லாக்கை வைத்திருக்கிறது. கடிகார டிரைவரோடு, அதே சிப்பின் மெமரியைத் தொடும் மற்ற கோடும் அந்த லாக்கை எடுத்தே ஆக வேண்டும். அது காப்பது அந்தப் போர்ட் ஜோடியை. இந்தப் போர்ட்டை, இந்த லிஸ்ட்டை, இந்தக் கவுன்ட்டரை இந்த லாக் காக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வைக்கிறதா என்பதை வைத்தே நான் ஒவ்வொரு பூட்டு மரபையும் எடைபோடுகிறேன்.

ஒரே நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க வேண்டும் என்ற சிக்கலுக்கு டைக்ஸ்ட்ரா 1965-இல் எழுதிய தீர்வும், அவர் தந்த செமஃபோரும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் டிரைவர் எழுதியவர்களின் முதல் மரபில் லாக்கே கிடையாது. பிடிபி-11 கணினியில் ஓடிய யூனிக்ஸுக்கு ஒரே சிபியு. கெர்னல் தானாகத் தூங்கப் போகும்வரை யாரும் அதைப் பிடுங்க முடியாது. எதிரி என்று இருந்தது இன்டரப்ட் மட்டும்தான். ஆகவே எஸ்பிஎல் ஃபங்ஷனை அழைத்துச் சிபியுவின் பிரயாரிட்டியை உயர்த்து, வேலையை முடி, பழைய நிலைக்கு இறக்கு. ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் 1970-களில் எழுதிய உரை வழியாக ஒரு தலைமுறையே இதைக் கற்றது. அழகான மரபு. ஓப்பன்பிஎஸ்டி டிரைவர்களில் அதன் தடத்தை இன்றும் காணலாம். ஆனால் எப்போது இன்டரப்டைத் தடுக்க வேண்டும் என்று சொல்லுமே தவிர, எதைக் காக்கிறோம் என்று அது சொல்லாது. இரண்டாவது சிபியு வந்தவுடன் அந்தக் குறை வெளிப்பட்டது. எஸ்பிஎல் தன் சிபியுவை மட்டுமே அடக்கும்.

அவசரத்துக்குக் கண்ட வழி, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு. லினக்ஸ் 2.0-இல் 1996-இல் வந்த பிக் கெர்னல் லாக் அப்படிப்பட்டது. ஃப்ரீபிஎஸ்டியில் அதன் பெயர் ஜயன்ட். லினக்ஸின் பெரிய பூட்டுக்கு ஒரு விசித்திர குணம்: அதை வைத்திருப்பவர் தூங்கினால் தானே திறந்துகொள்ளும், விழித்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். டிரைவரின் ஐஆக்டில் நடுவில் ஒரு மெமரி ஒதுக்கீடு தூங்கிவிட்டால் போதும், காவல் இருப்பதாக நினைத்த இடத்தில் காவல் இல்லை. எந்த வரி அதை நம்பியிருக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாத நிலையில், ஒவ்வொரு டிரைவராகத் திறந்து பார்த்துத்தான் அதை நீக்க வேண்டியிருந்தது. ஆர்ன்ட் பெர்க்மன் முன்னின்று நடத்திய கடைசிக் கட்ட வேலை 2011-இல் 2.6.39-இல் முடிந்தது. ஒரு வசதிக்காகக் கொண்டுவந்த பூட்டைக் கழற்ற 15 ஆண்டுகள் ஆயின.

இன்றைய லினக்ஸ் மரபு நுண்பூட்டு மரபு. தூங்கக்கூடிய இடத்தில் மியூடெக்ஸ், தூங்கக் கூடாத இடத்தில் ஸ்பின்லாக். புதிதாக வருபவர் சறுக்குவது இங்கேதான். ரீட் ஃபங்ஷன் ஸ்பின்லாக்கை எடுத்திருக்கும்போது அதே சிபியுவில் அந்த டிவைஸின் இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்டால், ஹேண்ட்லர் முடியாமல் ரீட் நகராது, ரீட் நகராமல் லாக் கிடைக்காது. ஆகவே ஹேண்ட்லரோடு பகிரும் லாக்கை வெளியே எடுக்கும்போது இன்டரப்டை அடைத்து, பழைய நிலையைச் சேமித்து எடுக்க வேண்டும். டிரைவரைக் கழற்றும் பாதையிலும் இதே கண்ணி உண்டு. டைமரை நிறுத்தும் ஃபங்ஷன் அதன் கால்பேக் முடியும்வரை காத்திருக்கும். அந்தக் கால்பேக் கேட்கும் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே அதை அழைத்தால் இரண்டும் நின்றுவிடும்.

விண்டோஸ் மரபு வேறு பாதை. அங்கே எந்தக் கோட் எந்த ஐஆர்க்யூஎல் (இன்டரப்ட் பிரயாரிட்டி) நிலையில் ஓடுகிறது என்பதே முதல் கேள்வி. வழக்கமான ஸ்பின்லாக்கை எடுத்தால் நிலை 2-க்கு ஏறும்; அங்கே டிஸ்க்குக்குப் போய்விடக்கூடிய மெமரியைத் தொடக் கூடாது. மீறினால் நீலத்திரை. கடுமையான முறைதான், ஆனால் விதி வெளிப்படையாக இருக்கிறது. மேக்கின் ஐஓகிட், இன்டரப்ட், டைமர், கட்டளை எல்லாவற்றையும் ஒரே வொர்க்லூப் வழியாக வரவைக்கிறது. ஒரு சாதாரண டிவைஸுக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை என்பேன்.

சோலாரிஸ் இன்டரப்டையே த்ரெட் ஆக்கியது. ஹேண்ட்லரும் மியூடெக்ஸுக்காகக் காத்திருக்கலாம். 2024-இல் 6.12-ஆம் வெளியீட்டில் மெயின்லைன் லினக்ஸுக்குள் முழுமையாக வந்த ரியல்டைம் முறையும் இந்தச் சிந்தனைதான். அதில் பெரும்பாலான ஸ்பின்லாக்குகள் தூங்கும் லாக்குகளாகி, பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸும் சேர்கிறது: லாக்கை வைத்திருப்பவர், அதற்காகக் காத்திருப்பவரின் பிரயாரிட்டிக்குத் தற்காலிகமாக உயர்வார். அதன் அருமையை உலகுக்குக் காட்டியது 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர். வானிலைப் பணி பிடித்திருந்த மியூடெக்ஸுக்காக முக்கியமான பஸ் பணி காத்திருக்க, இடைநிலைப் பணி ஒன்று குறுக்கே ஓட, கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அந்த மியூடெக்ஸில் இன்ஹெரிட்டன்ஸை பூமியிலிருந்து இயக்கிவைத்த பிறகு நின்றது. இந்த முறையை அலசிய 1990-ஆம் ஆண்டுக் கட்டுரையை லுய் ஷா, ஜான் லெஹோஸ்கி ஆகியோருடன் எழுதிய ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றுச் சென்றவர்.

எந்த மரபானாலும் ஒன்றை மறக்கக் கூடாது: டிவைஸுக்கு நம் லாக் தெரியாது. பிசிஐ பஸ்ஸில் எழுதியது உடனே போய்ச் சேர்வதில்லை, வழியில் தங்கும். லாக்கைத் திறந்த பிறகும் கட்டளை டிவைஸை எட்டாமல் இருக்கலாம். எட்டிவிட்டது என்று உறுதிசெய்ய அதே டிவைஸிலிருந்து ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். சில ஆர்க்கிடெக்சர்களில் லாக்கை முறையாக எடுத்த இரண்டு சிபியுக்களின் எழுத்துகள்கூட முறை மாறிப் போய்ச் சேரலாம். இதைத் தடுக்கும் கட்டளையை முன்பு டிரைவர் எழுதுபவரே நினைவாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 2019-இல் லினக்ஸ் 5.2 அதை ஸ்பின்லாக் திறக்கும் கோடுக்குள்ளேயே வைத்துவிட்டது. மனித நினைவை நம்பாத இந்தப் போக்கைத்தான் நான் உயர்ந்த தரம் என்று மதிக்கிறேன்.

அந்த வரிசையில் தலையாயது, இங்கோ மோல்னார் 2006-இல் தந்த லாக்டெப். டெட்லாக் உண்மையில் நேர வேண்டியதில்லை. ஒரு பாதையில் முதல் லாக்குக்குப் பின் இரண்டாவதும், வேறொரு நாள் வேறொரு பாதையில் தலைகீழாகவும் எடுத்திருந்தால் அது கண்டு சொல்லும். ஹேண்ட்லரில் எடுக்கும் லாக்கை வெளியே இன்டரப்டை அடைக்காமல் எடுத்தாலும் சொல்லும். ஃப்ரீபிஎஸ்டியின் விட்னஸும் விண்டோஸின் டிரைவர் வெரிஃபையரும் இதே பணியில் இருப்பவை. 2022-இல் 6.1-இல் லினக்ஸுக்குள் நுழைந்த ரஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறது: டேட்டா மியூடெக்ஸுக்குள்ளேயே இருக்கும், லாக்கை எடுக்காமல் அதைத் தொட்டால் கம்பைல் ஆகாது.

இந்த மலரைப் புரட்டும் இளம் டிரைவர் எழுத்தாளர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. பேட்ச் அனுப்புமுன் சோதனைக் கெர்னலில் லாக்டெப்பை இயக்கி ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். ஸ்ட்ரக்டில் ஸ்பின்லாக்கை அறிவிக்கும் வரிக்கு மேலே, அது எந்த ஃபீல்டுகளைக் காக்கிறது என்று பெயர் சொல்லிக் கமென்ட் எழுதுங்கள்; லினக்ஸின் செக்பேட்ச் கருவி கடும்நிலையில் கேட்பதும் இந்தக் கமென்ட்டைத்தான்.