விலகும் கையின் நேர்த்தி
பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் மிகுதியாக விளையும் மக்காச்சோளத்தின் ஒரு மணி, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கூடிச் சிறு பொருளை எடுக்கும் கிள்ளுப்பிடியைக் குழந்தைக்குப் பழக்க வெகு பொருத்தமானது. எவர்சில்வர் கிண்ணத்தில் அது விழும் மெல்லிய ஒலியே குழந்தைக்குப் பரிசாகிவிடுகிறது. உண்ணல், உடுத்தல், எழுதுதல் முதலிய அன்றாடச் செயல்களையே மருந்தாகக் கொள்ளும் ஆக்குபேஷனல் தெரபி என்னும் செயல்வழிச் சிகிச்சையில், பயிற்சிக்கு வரும் இளையவர் மூத்தவரின் அருகமர்ந்து கற்பது பெரும்பாலும் கையை விலக்கிக்கொள்ளும் கலையே: முதலில் குழந்தையின் புறங்கையைத் தாங்கி, பிறகு மணிக்கட்டை மட்டும் தொட்டு, அப்புறம் முழங்கையருகே ஒரு விரலளவு துணையாகி, கடைசியில் தொடாமலே காத்திருத்தல். பின்னாளில் வட்டார வள மையத்திலோ மருத்துவமனையிலோ தனியே பணியேற்கும்போதும், மணி நழுவுகையில் உதவ நீளும் தம் கையை அவர் மடியிலேயே இருத்திக்கொள்கிறார். குழந்தை மறுபடியும் துழாவுகிறது.