வெண்கட்டி வட்டமும் இரண்டு உம்மாமாரும்

மாணவர் அனுமதிப் படிவத்தில் தாயின் பெயரை எழுத ஒரு கோடுதான் இருக்கிறது. நாவிதன்வெளியில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் சில வருடங்களுக்கு முன் ஒரு பையனைச் சேர்க்கையில், “உம்மாட பேர் என்ன மகன்?” என்று கேட்டேன். “எந்த உம்மாட பேர் சேர்?” என்றான். பிரசவத்தோடு பெற்றவள் நோயில் விழ, சாச்சியே தன் பிள்ளையோடு சேர்த்து இவனுக்கும் பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள். பெற்றவள் பின்னர் சுகமாகி வெளிநாடு போய்விட்டாள். அவள் பெயரைத் தாயின் கோட்டிலும் சாச்சியின் பெயரைப் ‘பாதுகாவலர்’ என்ற கோட்டிலும் எழுதினேன். “நான் பால் குடுத்த பிள்ளை சேர்” என்றாள் சாச்சி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தைக் கலாசாலை விடுதியில் இருந்த காலத்தில் பார்த்து அழுதவன் நான். அண்மையில் மறுபடி பார்த்தபோது அழுகை வரவில்லை; கேள்விகள் வந்தன. முகாமில் விடப்பட்ட கைக்குழந்தையைத் தத்தெடுக்கத் திருச்செல்வன் போகிறான். கலியாணமானவர்களுக்குத்தான் தரமுடியும் என்கிறார்கள். ஆகவே இந்திராவை மணக்கிறான். குழந்தைக்குப் பெற்றோர் சோடியாகவே வேண்டும் என்ற சட்டத்தின் மனதை இவ்வளவு இலகுவாகச் சொன்ன தமிழ்ப்படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால், ஒன்பது வயதில் உண்மையறிந்த அமுதா பெற்றவளைத் தேடி இலங்கைக்கு வரும்போது (அந்த இலங்கையும் பெரும்பாலும் இந்தியாதான், அது போகட்டும்) படமும் அதே சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஷியாமா போராட்டத்துக்குத் திரும்புகிறாள். அமுதா இந்திராவின் மடிக்குத் திரும்புகிறாள். ஒரு தாய் விலகியதால் மற்றவள் முழுத்தாயாகிறாள். இருவரும் இருந்திருந்தால் என்ன என்று படம் கேட்கவேயில்லை.

இது மணிரத்னத்தின் குறை மட்டுமல்ல. பிரெக்ட் 1944இல் எழுதிய வெண்கட்டி வட்ட நாடகத்தை ஹென்றி ஜயசேன 1967இல் ‘ஹுணுவடயே கதாவ’ என்று சிங்களத்தில் மேடையேற்றினார். அதில் பிள்ளையை இழுக்க மனமின்றிக் கையை விடுகிற வளர்ப்புத்தாய் குருஷாவுக்கே தீர்ப்பு. நமக்குத் தெரிந்த, புகாரியில் வரும் சுலைமான் நபி (அலை) அவர்களின் தீர்ப்பில் விட்டுக்கொடுப்பவளே பெற்றவள். ஆனால் அங்கே வழக்கு வேறு. ஒருத்தியின் பிள்ளையை ஓநாய் தூக்கிச் சென்றுவிட்டது. இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள். கத்தி கேட்டது அந்தப் பொய்யைப் பிடிக்க. அமுதாவின் கதையில் யார் பொய் சொன்னார்கள்? பொய்யைப் பிடிக்கும் சோதனையைப் பொய்யே சொல்லாத இருவர்மீது நடத்துவதுதான் நமது கதைகளின் பழக்கமாகிவிட்டது.

கல்முனையிலேயே இது நடந்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமியில் தப்பி வைத்தியசாலைக்கு வந்த கைக்குழந்தை, அன்றைய 81வது அனுமதி என்பதால் ‘81ஆம் இலக்கக் குழந்தை’ ஆனது. ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. சட்டப்படி உரிமை கோரியதோ ஒரேயொரு தம்பதி. மரபணுப் பரிசோதனைக்குப் பின் 2005 பெப்ரவரியில் பிள்ளை அவர்கள் கைக்கு வந்தது. பத்திரிகைகளுக்குத் தேவைப்பட்டது வெண்கட்டி வட்டம். இல்லாதபோது தாங்களே வரைந்துகொண்டன.

நமது மரபில் வேறொரு வழியும் உண்டு. மணமுடிக்க விலக்கப்பட்டோரைச் சொல்லும் குர்ஆன் வசனம் (4:23) பாலூட்டியவர்களையும் ‘உங்கள் தாய்மார்’ என்றே சொல்கிறது. நபி (ஸல்) அவர்களுக்கு ஆமினாவும் தாய், ஹலீமாவும் தாய். வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழையுங்கள் என்ற வசனத்தை (33:5) நாம் தடையாகவே வாசித்துவிட்டோம். முதல் பெயரை அழிக்காதே என்றும் அதை வாசிக்கலாம். நமது நாட்டின் 1941ஆம் ஆண்டுத் தத்தெடுப்புக் கட்டளைச்சட்டமோ, கட்டளை பிறந்ததும் பெற்றவர்களின் உரிமையை முடித்துவிடுகிறது. பால்குடி உறவில் வாரிசுரிமை இல்லை என்பதையும் மறைக்கக்கூடாது. விரும்பினால் மூன்றிலொன்றுக்குள் வஸிய்யத் எழுதலாம், அவ்வளவுதான். கனடாவின் ஒன்ராறியோவில் 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பிள்ளைக்கு மூன்று பெற்றோரை ஏற்றது. கலிபோர்னியாவில் 2014 முதல் அதற்குச் சட்டமே இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் வேறு, அவற்றை நாம் ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். ஒருவரை அழிக்காமல் இன்னொருவரைச் சேர்க்கலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல என்பதே என் பேச்சு.

ஆனால் நமது சிறுகதைகளில் பால்கொடுத்த தாய் எங்கே? நான் வாசித்தவற்றில் அவள் நிக்காஹுக்கு முதல்நாள் இரகசியத்தை உடைத்துக் கலியாணத்தைக் குழப்பத்தான் வருகிறாள். பிள்ளைக்குச் சோறு தீத்தும் ஒரு சாதாரண நாளில் அவளைக் காண முடிவதில்லை.

அந்தப் பையன் தரம் மூன்றில் இருந்தபோது ‘எனது தாய்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். தலைப்பை ‘எனது உம்மாமார்’ என்று மாற்றி எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகளுக்கு மாத்திரம் புள்ளி குறைத்தேன்.