ஸ்விஃப்ட் போட்ட கழித்தல் கணக்கு

ஆங்கிலத்தில் ஒருவரை எழுத்தால் இணங்க வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் மூணு விஷயத்தைச் சொல்வார்கள்: சொல்கிறவர் மேல் நம்பிக்கை வரணும், வாதம் கணக்காக இருக்கணும், படிப்பவர் மனசு இளகணும். மூன்றையும் கச்சிதமாகச் செய்துவிட்டு, ஏழைக் குழந்தைகளைச் சமைத்துச் சாப்பிடலாம் என்று யோசனை சொல்லும் கட்டுரை ஒன்று இருக்கிறது. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729இல் டப்ளினில் தன் பெயர் போடாமல் வெளியிட்ட 'எ மாடஸ்ட் ப்ரபோசல்'.

இதை அங்கதத்துக்கு உதாரணமாகப் படித்து, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கென்னவோ அந்த யோசனையைவிட, அதற்கு முன்னால் வரும் பத்திகள்தான் பயங்கரமாகத் தெரிகின்றன.

வரிசையைப் பாருங்கள். முதலில், கந்தல் உடுத்திய பிள்ளைகளோடு தெருவில் பிச்சை கேட்கும் தாய்மார்கள். மனசு இளகிவிடுகிறது. உடனே, போகிறபோக்கில், தாயைக் குறிக்கக் கால்நடைக்குச் சொல்லும் சொல் ஒன்று விழுகிறது. அடுத்து கணக்கு: பிள்ளை பெறக்கூடிய தம்பதிகள் 2,00,000. வளர்க்க வசதியுள்ள 30,000 பேரைக் கழி. கருச்சிதைவு, ஒரு வயதுக்குள் சாவு என்று 50,000 கழி. மிச்சம் 1,20,000 குழந்தைகள். இவ்வளவும் முடிந்த பிறகுதான், லண்டனில் பழகிய ஒரு அமெரிக்கர் சொன்னதாக, குழந்தைக் கறி ருசியானது என்ற செய்தி வருகிறது.

அதாவது, விஷயம் வருவதற்குள் நாம் ஆட்களைத் தலை எண்ணிக் கழிக்கப் பழகிவிட்டோம். கழித்தலில் தப்பு இல்லை. அதனால்தான் நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. வளர்ப்புச் செலவு 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங், தாய்க்கு லாபம் 8 ஷில்லிங் என்பது வரைக்கும் அதே நிதானமான குரல்தான்.

கடைசியில் இன்னொரு வேலை நடக்கிறது. வெளியூரில் இருந்துகொண்டு வாடகை வாங்கும் நிலக்கிழார்களுக்கு வரி போடுவது, உள்நாட்டுச் சரக்கையே வாங்குவது போன்ற வழிகளை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் என்னிடம் பேசாதீர்கள் என்கிறார் கட்டுரையின் 'நான்'. சொல்லமாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிடும் உத்தி இது. ஆனால் வெறும் உத்தி இல்லை. அயர்லாந்துக்காரர்கள் அயர்லாந்துத் துணியையே வாங்கட்டும் என்று 1720இல் எழுதியவர் இதே ஸ்விஃப்ட். அதை அச்சிட்டவர் மீது வழக்குப் போட்டார்கள். நேர்மையாகச் சொன்னது எடுபடவில்லை. ஒன்பது வருஷம் கழித்து, தன் சொந்த யோசனையையே அந்த 'நான்' தூக்கி எறிவதுபோல் எழுதுகிறார். சிரிப்புக்கு அடியில் இருக்கும் கோபம் அங்கேதான் தெரிகிறது.

முடிவில் அந்த 'நான்' உறுதி தருகிறார்: தன் கடைசிப் பிள்ளைக்கு 9 வயது, மனைவிக்கு இனிப் பிள்ளை பிறக்காது, ஆகவே தனக்கு இதில் ஒரு பென்னி லாபமில்லை. நம்பகத்தன்மைக்கு இதைவிட என்ன வேணும்?

இதை முரண் என்று பெயர் சொல்லிவிட்டால் மதிப்பெண் கிடைக்கும். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. ஏழைகளைப் பற்றிய ஓர் அறிக்கையைப் படிக்கும்போது இப்போதெல்லாம் எண்களைச் சரிபார்க்கும் முன், அந்த எண்கள் வருவதற்குள் மனிதர்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.