காப்ளின்

காப்ளின்: மேலை மிகுபுனைவுகளில் வரும் குள்ள உருவம் கொண்ட, மனிதருக்குத் தொல்லை தரும் மாய உயிர். ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையிலிருந்து இலக்கியத்துக்கு வந்தது. தமிழில் குறளி, குட்டிச்சாத்தான் ஆகிய சொற்கள் இதற்கு நெருக்கமானவை. சேலம், நாமக்கல் சமவெளியின் முனி காப்ளின் அல்ல. ஆனால் அந்தப் பெயரின் வரலாறு காப்ளினின் வரலாற்றோடு ஒப்பிடத்தக்கது.

பெயர்

12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நார்மண்டித் துறவி ஓர்டரிக் விட்டாலிஸ், எவ்ரூ நகர மக்கள் ஓர் ஆவியை 'கோபெலினுஸ்' என்று அழைத்ததாக இலத்தீனில் பதிவு செய்தார். டயானா தேவியின் கோயிலிலிருந்து புனித டாரினஸ் விரட்டிய ஆவி அது. சொல்லின் வேரைச் சிலர் போக்கிரி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'கோபாலோஸ்' என்பதிலும், சிலர் ஜெர்மானியச் சுரங்க ஆவியான 'கோபோல்ட்' என்பதிலும் தேடுகின்றனர். வெள்ளி தராமல் நச்சுப்புகை மட்டும் தந்த தாதுவுக்குச் சுரங்கத் தொழிலாளர் இட்ட அந்த ஆவியின் பெயரே பின்னர் கோபால்ட் என்ற உலோகத்தின் பெயராயிற்று.

தமிழில் குறளி என்பது குறுமையைக் குறிக்கும் 'குறள்' என்பதிலிருந்து வந்தது. தெருவில் கண்கட்டு வித்தை காட்டுவது குறளிவித்தை எனப்பட்டது. குட்டிச்சாத்தானின் கதை வேறு. சாத்தன் என்பது ஐயனாரின் பெயர். புத்தருக்கும் அப்பெயர் வழங்கியதை மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' (1940) நூலில் எடுத்துக்காட்டினார். விவிலியத்தின் சாத்தான் ஹீப்ரு வேர் கொண்ட வேறு சொல். ஒலி ஒத்திருப்பதால் இன்றைய வாசகர் இரண்டையும் ஒன்றாகக் கொள்கின்றனர்.

மிகுபுனைவில்

ஜார்ஜ் மெக்டொனால்டின் 'இளவரசியும் காப்ளினும்' (1872) நாவலில் காப்ளின்கள் முன்பு மண்ணுக்கு மேலே வாழ்ந்தவர்கள். அரசன் விதித்த கடும் வரி முதலிய காரணங்களால் நிலத்தடிக்குச் சென்று உருமாறியவர்கள் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. டோல்கீனின் 'ஹாபிட்' (1937) நாவலில் அவை மலைக்குடைவுகளில் வாழும் கொடிய கூட்டம். 1974-இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் அவை வீரன் கொன்று முன்னேற வேண்டிய எளிய எதிரிகளாயின. மெக்டொனால்ட் சொன்ன காரணம் காலப்போக்கில் உதிர்ந்து, அருவருப்பான உருவம் மட்டும் எஞ்சியது.

சேலம், நாமக்கல் சமவெளி

இப்பகுதியில் முனி அச்சம் தரும் ஆவியாகவும், முனியப்பன் என்ற காவல் தெய்வமாகவும் விளங்குகிறது. உச்சிவேளையில் தனியே சென்றவர் காய்ச்சலில் விழுந்தால் 'முனி அடித்துவிட்டது' என்பார்கள். அதே முனியப்பனுக்கே பொங்கல் வைத்து வேண்டிக்கொள்வார்கள். முனி என்ற சொல் துறவியையும் குறிக்கும். முனிதல் என்றால் சினத்தல்.

சேலம் தலைவெட்டி முனியப்பன் கோயில் இதில் குறிப்பிடத்தக்கது. அங்கு வழிபடப்பட்ட சிலை புத்தருக்குரிய இலக்கணங்கள் கொண்டது எனத் தொல்லியல் துறை அறிக்கை அளித்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. எவ்ரூவில் ஒரு கோயிலிலிருந்து துரத்தப்பட்டது ஆவியாயிற்று. சேலத்தில் புத்தர், தலை வெட்டுண்டதன் நினைவைப் பெயரில் தாங்கிய முனியப்பனாக வழிபடப்பட்டார்.

பெருமாள்முருகனின் அசுரர்

நாமக்கல் மாவட்ட எழுத்தாளரான பெருமாள்முருகன், 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் எழுதுவதை நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலைத் தீர்ப்புக்குப் பின் வந்த நாவல் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. மனிதரைப் பற்றியும் கடவுளரைப் பற்றியும் எழுத அஞ்சுவதாகவும், அசுரரைப் பற்றி எழுதலாம் என்றும் முன்னுரையில் குறிப்பிட்டார். நாவலின் தொடக்கத்தில் கறுத்த ஆட்டுக்குட்டியைக் கிழவர் ஒருவரிடம் தந்து செல்பவன் பேருருவம் கொண்டவன். இங்கே அச்சம் தருவது அவன் அல்ல. ஆடுகளுக்குக் காது குத்தி எண்ணிடும் அரசே.

மதிப்பீடு

காப்ளினைத் தமிழாக்குவோர் குட்டிச்சாத்தான் என்று எழுதும்போது, ஒரு பழைய தெய்வப்பெயர் கொல்லத்தக்க எதிரியின் பெயராகிவிடுகிறது. குறளி என்ற சொல்லில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. காப்ளினை வெறும் இலக்காக வைக்கும் கதை, மெக்டொனால்ட் நாவலில் கேட்கப்பட்ட கேள்வியை, அதாவது இவர்களை யார் நிலத்தடிக்கு அனுப்பியது என்பதை, விட்டுவிடுகிறது. 'பூனாச்சி'யில் பேருருவம் கொண்டவன் வாசகரின் வெறுப்புக்கு உரியவனாக்கப்படவில்லை. தமிழில் மிகுபுனைவு எழுத முனைவோர் அந்நாவலிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்கது இது.