பென்சிலில் வரைந்த சக்கரம்

போன வாரம் ஒரு பழைய டி.வி. எபிசோடை மறுபடி பார்த்தேன். 1985-ல் ஸ்பீல்பெர்க் தயாரித்த ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ தொடரில் அவரே இயக்கிய ‘தி மிஷன்’. கெவின் காஸ்ட்னர் பெரிய ஸ்டார் ஆவதற்கு முன்னால் இதில் கேப்டனாக வருகிறார்.

இரண்டாம் உலகப் போர் சமயம். பி-17 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் ‘பால் டரட்’ என்று ஓர் உருண்டை தொங்கும். அதற்குள் ஜோனதன் என்கிற பையன், ரெண்டு மெஷின் கன்களோடு. நன்றாக கார்ட்டூன் போடுவான். டிஸ்னியில் சேர ஆசை. சண்டையில் உருண்டை அடிவாங்கி உள்ளே மாட்டிக்கொள்கிறான். திரும்பி வரும்போது பார்த்தால் சக்கரமும் இறங்கவில்லை. வயிறு தரையில் தேய இறக்கினால் மற்றவர்கள் பிழைக்கலாம். முதலில் நசுங்குவது இவன்.

இதுவரை புருடா இல்லை. அந்த உருண்டை நாலடி விட்டம்கூட இருக்காது. குள்ளமான ஆளாகப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார்கள். முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். பாராசூட் மாட்டிக்கொள்ளப் பெரும்பாலும் இடம் பத்தாது. துப்பாக்கிகள் நேராகக் கீழே பார்த்தால்தான் கதவு விமானத்துக்குள் திறக்கும். கொஞ்சம் திருகி நின்றுவிட்டால் போச்சு. சக்கரத்தை இறக்க எலெக்ட்ரிக் மோட்டார். அது மக்கர் பண்ணினால் கையால் சுற்ற ஒரு கிராங்க். அவ்வளவுதான் வசதி. ஸ்பீல்பெர்க் அவசரமே படாமல், ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வருகிறார். நமக்கு மூச்சு முட்டுகிறது.

அப்புறம் பையன் ஒரு பேப்பரில் விமானத்தை வரைந்து அதற்குச் சக்கரம் போடுகிறான். நிஜமாகவே முளைத்துவிடுகிறது. மஞ்சள் கலரில், பலூன் மாதிரி! பத்திரமாக இறங்கி, அவனை வெளியே எடுத்து, மயக்கம் கலைந்ததும் சக்கரம் மறைந்து விமானம் தொப்பென்று படுத்துக்கொள்கிறது.

காதில் பூ என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் புகார் வேறு. சக்கரம் முளைக்கட்டும், தொடரின் பேரே அப்படி. இத்தனை கறாராக விதிகளைச் சொல்லிவிட்டு, மீறியதற்கு யாரிடமும் பைசா வசூலிக்காமல் விட்டதுதான் உறுத்துகிறது. அதற்கப்புறம் அவனால் வரையவே முடியவில்லை என்றிருந்தால்கூட நம்பியிருப்பேன்.

இதே உருண்டையைப் பற்றி ராண்டல் ஜாரெல் 1945-ல் ஒரு கவிதை எழுதினார். அஞ்சே வரி. செத்துப்போன சிப்பாய் பேசுகிறான். அவன் கையில் பென்சில் கிடையாது. ஜாரெல் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஸ்பீல்பெர்க் பிறந்ததே போர் முடிந்து, 1946-ல். அவர் அப்பா பர்மா முனையில் குண்டுவீச்சு விமானப் பிரிவு ஒன்றில் ரேடியோ வேலை பார்த்துவிட்டு முழுசாக வீடு திரும்பியவர். திரும்பி வந்தவரின் பிள்ளை எடுத்த படம் என்று வைத்துக்கொண்டால் மஞ்சள் சக்கரம் கொஞ்சம் புரிகிறது.

புகாரெல்லாம் சரி. விமானம் தரையைத் தொடும்போது சோபாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன், முடிவு தெரிந்தும்.